லூஸில் ஒன்று

பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவரிலிருந்து நூறு கஜம். இந்தியாவின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் (சுருக்கமாக ‘கோட்பா’, 2003) மாணவர்களுக்காகப் போட்ட வட்டம் அது. மீட்டரில் சொன்னால் 91 சொச்சம். எங்கிருந்து அளப்பது என்பதும் விதிகளில் இருக்கிறது: சுவரின் வெளி எல்லையிலிருந்து, எல்லாத் திசையிலும். அந்த வட்டத்துக்குள் சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை எதையும் யாருக்கும் விற்கக்கூடாது. வட்டத்துக்கு வெளியே விற்கலாம். ஆனால் 18 வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கக்கூடாது. அப்படிக் கொடுப்பது குற்றம் என்று எழுதி, 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு பலகையைக் கடைக்காரர் மாட்டிவைக்க வேண்டும்.

மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

இதே செயலுக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-வது பிரிவு. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கடை ஒன்றுதான், பையன் ஒருவன்தான், சிகரெட்டும் ஒன்றுதான். காவலர் எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து அது 200 ரூபாயாகவும் ஆகலாம், ஏழு வருடமாகவும் ஆகலாம். முதலாவது யாரையும் பயமுறுத்தாத அளவுக்குச் சிறியது. இரண்டாவதை ஒரு பெட்டிக்கடைக்காரர் மேல் போட எந்த அதிகாரிக்கும் மனசு வராத அளவுக்குப் பெரியது. நடுவில் பையன் சிகரெட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

ஊகத்தில் சொல்லவில்லை. 13 முதல் 15 வயது வரையிலான பள்ளி மாணவர்களிடம் 2019-ல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு இதையே கேட்டது. சிகரெட் பிடிக்கிற மாணவர்களில் 69 சதவீதம் பேர் கடையிலோ தெருவோர விற்பனையாளரிடமோ தாங்களே வாங்கியிருந்தார்கள். 45 சதவீதம் பேருக்கு வயதைக் காரணம் காட்டி யாரும் மறுக்கவில்லை. அவர்கள் 18 வயதுபோலத் தோன்றும் 17 வயதுக்காரர்கள் அல்லர். எட்டாம், ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

நிலைமை கைமீறிவிட்டது என்று சொல்லவும் நான் வரவில்லை. 2009-ல் இதே கணக்கெடுப்பில் 14.6 சதவீத மாணவர்கள் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினார்கள், 2019-ல் 8.5 சதவீதம். பெரியவர்களுக்கான கணக்கெடுப்பும் அதே பக்கம்தான் காட்டுகிறது: 15 முதல் 17 வயதினரிடம் 2009-10-ல் 9.6 சதவீதமாக இருந்தது 2016-17-ல் 4.4 ஆனது. அந்த ஆண்டுகளில் அரசு சும்மா இருக்கவில்லை. 2008 அக்டோபர் 2 முதல், அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, பொது இடங்களில் புகைக்கும் தடை நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. 2009 மே 31 முதல் பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம். 2016 ஏப்ரல் முதல் அந்தப் படம் பாக்கெட்டின் 85 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டது. உலகிலேயே பெரிய எச்சரிக்கைகளில் ஒன்று. எந்த நடவடிக்கைக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுக்க முடியாது. மொத்தத்தில் பலன் இருக்கிறது. தமிழ்நாடு மட்டும் கொஞ்சம் நெருடுகிறது: நாடு இறங்கிய அதே ஏழாண்டில், இங்கே புகையிலை பயன்படுத்தும் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் 16.2 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறினார்கள்.

இறங்கிய எண்களுக்குள்ளும் ஒன்று உறுத்துகிறது. 2019 கணக்கெடுப்பில் மாணவர்கள் சொன்ன தொடக்க வயதின் நடுமதிப்பு சிகரெட்டுக்கு 11.5, பீடிக்கு 10.5, வாயில் வைக்கும் புகையிலைக்கு 9.9. சிகரெட்டைத் தொட்டவர்களில் 38 சதவீதம் பேர், பீடியைத் தொட்டவர்களில் 47 சதவீதம் பேர், பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே தொட்டுவிட்டார்கள்.

பத்து வயதுப் பிள்ளை புகையிலையை எப்படி வாங்குகிறான்? பாக்கெட்டாக அல்ல.

காலை எட்டரை மணிக்கு, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஏதாவதொரு பெட்டிக்கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். “அண்ணே, லூஸ்ல ஒண்ணு.” பிராண்டின் பெயரைக்கூடச் சொல்வதில்லை, முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரியும். கடைக்காரர் பாக்கெட்டைச் சாய்த்து அடியில் ஒரு சுண்டு சுண்டுகிறார். பஞ்சு முனை ஒன்று எட்டிப் பார்க்கிறது. அதை உருவி எடுத்தாயிற்று. பாக்கெட் அவர் கையிலேயே இருக்கிறது, எச்சரிக்கைப் படம் அவருடைய உள்ளங்கைக்குள். தூணில் நூல் கட்டித் தொங்கவிட்ட லைட்டரோ, நுனி கனன்றுகொண்டே இருக்கும் கயிறோ உண்டு. அதனால் தீப்பெட்டியும் தேவையில்லை. சிகரெட் முடிந்ததும் ஒரு புதினா மிட்டாய், அதுவும் அதே கடையில். கணக்கு தீர்ந்தது. பாக்கெட்டில் அச்சிட்ட விலையைப் பத்தால் வகுத்தால் வருவதைவிட ஒரு ரூபாயோ இரண்டோ கூட வாங்குவார். லூஸ் விற்பதில் கடைக்காரருக்கு இருக்கும் ஆர்வத்துக்குக் காரணம் அதுதான்.

இந்தியாவில் விற்கும் சிகரெட்டில் முக்கால்வாசி இப்படித்தான் போகிறது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மதிப்பீட்டை மனதில் வைத்துக்கொண்டு அரசின் கருவிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 85 சதவீதப் படம் பாக்கெட்டில். 2018 செப்டம்பரிலிருந்து அச்சாகும் இலவச உதவி எண் (1800-11-2356, புகையிலையை விட நினைப்பவர்களுக்கானது) அதுவும் பாக்கெட்டில். அதிகபட்ச விலை பாக்கெட்டில். நிதியமைச்சர் வரியை உயர்த்தினால், மறுநாள் நாளிதழ்கள் கணக்குப் போட்டுச் சொல்வது பாக்கெட்டின் புது விலையை. நம் புகையிலைக் கொள்கையில் பெரும்பகுதி ஓர் அட்டைப் பெட்டியின் மேல் எழுதப்பட்டது. யாருக்காக எழுதினோமோ அந்தப் பதினான்கு வயதுக்காரன் அந்தப் பெட்டியைக் கையில் வாங்குவதே இல்லை.

வாங்கமாட்டான் என்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. பாக்கெட்டை எங்கே வைப்பது? கால்சட்டைப் பையில் வைத்தால் துவைக்கும்போது அம்மா கையில் மாட்டும். புத்தகப் பையில் வைத்தால் வகுப்பில் மாட்டும். ஒற்றை சிகரெட்டுக்கு மறைவிடம் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் அது இல்லாமல் போய்விடும். மிச்சம் வாசனை மட்டும், அதற்குத்தான் மிட்டாய்.

“ஒன்றுதானே, என்ன ஆகிவிடும்?” என்று கேட்பவர்களுக்கு மூளையைப் படம்பிடித்தவர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். உறிஞ்சிய புகையிலிருந்து நிகோடின் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளையை எட்ட 10 முதல் 20 விநாடி போதும். ஊசியில் ஏற்றும் மருந்துக்குக்கூட இந்த வேகம் அரிது. அங்கே அசிடைல்கோலின் என்ற நம் உடலின் சொந்த வேதிப்பொருளுக்காக உள்ள ஏற்பிகளில் நிகோடின் உட்கார்ந்துகொள்கிறது. அவற்றில் ஆல்ஃபா-4 பீட்டா-2 என்ற வகைதான் அடிமைத்தனத்தில் முக்கியப் பங்கு வகிப்பது. அது தூண்டப்பட்டதும் டோபமைன் சுரக்கிறது. ‘இது நல்லா இருக்கு, மறுபடியும் வேணும்’ என்ற பாடம் பதிகிறது.

எத்தனை புகை வேண்டும் அதற்கு? கலிபோர்னியாவில் ஆர்தர் பிராடி குழுவினர் 2006-ல் புகைப்பவர்களின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. அவ்வளவிலேயே அந்த ஏற்பிகளில் பாதி நிரம்பிவிட்டன, மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தன. ஒரு முழு சிகரெட்டுக்கு 88 சதவீதத்துக்கும் மேல். அதில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே பழக்கப்பட்ட பெரியவர்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் ஏற்பிகளின் கணக்கில் ‘ஒன்றுதானே’ என்பது சின்ன அளவில்லை என்று அந்த ஸ்கேன் காட்டிவிட்டது.

பிள்ளைகளைப் பற்றிய பதிலை மாசசூசெட்ஸில் ஜோசப் டிஃப்ரான்சா தேடினார். குடும்ப மருத்துவர். தினமும் சில சிகரெட், சில வருடம் என்று போனால்தான் அடிமைத்தனம் வரும் என்பது அப்போதைய பாடநூல் கருத்து. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கேள்வி கேட்டு, முடிவுகளை 2000-ல் வெளியிட்டார். கேள்விகள் சாதாரணமானவை. விட முயன்று முடியாமல் போனதா? பிடிக்க முடியாத இடத்தில் மனம் அலைபாய்கிறதா? விட்டபோது எரிச்சல் வந்ததா? எப்போதாவது பிடிக்கத் தொடங்கியிருந்த 95 பேரில் 60 பேருக்கு இத்தகைய அறிகுறி ஒன்றாவது இருந்தது. மாதம் ஒன்றிரண்டு என்று பிடிக்க ஆரம்பித்த நான்கு வாரத்துக்குள்ளேயே அறிகுறி கண்டவர்கள் 22 சதவீதம். அவருடைய அளவுகோல் தளர்வானது, லேசான ஆசையையும் அடிமைத்தனமாக எண்ணிவிட்டார் என்று சக ஆய்வாளர்கள் சிலர் குறை சொன்னார்கள். குறையில் நியாயம் உண்டு. இருந்தாலும் ‘மாதம் ஒன்றிரண்டு’ என்பது பாதுகாப்பான எல்லை என்று பிறகு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹாஜெக் குழுவினர் 2018-ல் வேறு வழியில் அணுகினார்கள். பல நாடுகளின் கணக்கெடுப்புகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாழ்க்கையில் ஒரு முறையாவது சிகரெட்டை முயன்று பார்த்தவர்களில் 69 சதவீதம் பேர், சில காலத்துக்காவது, தினமும் பிடிப்பவர்களாக ஆகியிருந்தார்கள்.

இளம் வயதில் இது கூடுதலாகப் பற்றிக்கொள்வதற்குக் காரணம், விளைவை எண்ணிப் பார்த்து ‘வேண்டாம்’ சொல்லும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுமை அடைகிறது. பரிசைத் தேடும் பகுதியோ அதற்கு வெகு முன்பே சுறுசுறுப்பாகிவிடுகிறது. ஆக, கொள்கை வகுப்பவர்களின் கவலை பாக்கெட் கணக்கில் பிடிக்கும் நாற்பது வயதுக்காரரோடு நின்றால், ஆட்டம் முடிந்த இடத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம். முதல் பத்து இருபது சிகரெட்டில்தான் எல்லாம் நடக்கிறது. அந்தப் பத்து இருபதும் லூஸில் வாங்கியவை.

பின்னால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக்கே சொந்தமான ஆய்வு ஒன்று உண்டு. வெ. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003-ல் லான்செட்டில் வந்தது. பாக்கெட் படத்தில் நாம் பார்ப்பது புற்றுநோய். அவர்கள் கண்டது காசநோய்: புகைப்பவர்கள் அதில் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல், இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைப்பதே காரணம். இருமிக்கொண்டே பீடி பிடிக்கும் பெரியவரை நாம் ஊரில் பார்த்து வளர்ந்திருக்கிறோம். இருமலுக்கும் பீடிக்கும் உள்ள உறவை இத்தனை பெரிய கணக்கில் போட்டுக் காட்ட 2003 ஆயிற்று.

விலைக்கு வருவோம். விலை 10 சதவீதம் ஏறினால் நம்மைப் போன்ற நாடுகளில் நுகர்வு சுமார் 5 சதவீதம் குறையும். இளைஞர்களிடம் அந்தத் தாக்கம் இரண்டு மூன்று மடங்கு. புகையிலைக் கட்டுப்பாட்டில் இதைவிட உறுதியாக நிறுவப்பட்ட கருவி வேறில்லை. சில்லறை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜி.எஸ்.டி. வந்தபின் இந்தியாவில் சிகரெட்டில் அது பாதிக்குச் சற்று மேல், பீடியில் கால்வாசிக்கும் கீழ் என்ற அளவில் இருந்துவந்தது.

லூஸ் விற்பனை இந்தக் கருவியையும் மழுங்கடிக்கிறது. பத்து சிகரெட் உள்ள பாக்கெட் 20 ரூபாய் ஏறினால், முழுதாக வாங்குபவர் 20 ரூபாயைக் கூடுதலாக எடுத்துவைக்க வேண்டும். லூஸில் வாங்குபவனுக்கு இரண்டு ரூபாய். சதவீதத்தில் இரண்டும் ஒன்றுதான், பொருளாதாரப் பேராசிரியர் அப்படித்தான் சொல்வார். ஆனால் இரண்டு ரூபாய் டீக்காசின் மிச்சத்தில் கரைந்துவிடும்; 20 ரூபாய்க்கு வீட்டில் காரணம் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, நம் சிகரெட் வரி நீளத்தைப் பொறுத்தது. மில்லிமீட்டர் கூடக் கூட வரியும் கூடும். 2012 பட்ஜெட்டில் 65 மில்லிமீட்டர் வரையிலான ஃபில்டர் சிகரெட்டுக்கென்று குறைந்த வரி அடுக்கு ஒன்று உருவானதும், 64 மில்லிமீட்டர் சிகரெட்டுகள் சந்தைக்கு வந்தன. விரல் நகத்தின் ஓரத்தை வெட்டியதுபோலச் சில மில்லிமீட்டர் வெட்டினால், மலிவான புதுச் சரக்கு ரெடி. எந்த நாட்டுப் புகையிலை ஆலைக்கும் இளம் வாடிக்கையாளர் யார் என்று தெரியாமல் இல்லை. அமெரிக்க வழக்குகளால் வெளியே வந்த நிறுவன ஆவணங்களில், பதின்வயதினர்தான் நாளைய நிரந்தர வாடிக்கையாளர்கள் என்று 1981-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

சினிமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடிகர் புகை விடும் போஸ்டர் வந்தால் இங்கே அறிக்கை பறக்கும்; 2018-ல் ‘சர்கார்’ படத்தின் முதல் போஸ்டருக்குச் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பி, அது நீக்கப்பட்டது. தேவைதான். திரையில் புகைப்பதை அதிகம் பார்க்கும் பிள்ளைகள் அதிகம் முயன்று பார்க்கிறார்கள் என்பதற்கு டெல்லி மாணவர்களிடம் எடுத்த ஆய்விலேயே சான்று உண்டு. ஆனால் ஒரு போஸ்டருக்குக் கிடைக்கிற கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பெட்டிக்கடையின் லைட்டருக்குக் கிடைப்பதில்லை.

லூஸ் விற்பனையைத் தடைசெய்யும் யோசனை புதிதல்ல. 2015-லும் 2020-லும் மத்திய அரசு வெளியிட்ட கோட்பா திருத்த வரைவுகளில் அது இருந்தது. இரண்டு வரைவுகளும் வயது வரம்பையும் 21 ஆக்கச் சொல்லியிருந்தன. முதலாவது கைவிடப்பட்டது, இரண்டாவதும் வரைவோடு நின்றது. மாநிலங்கள் காத்திருக்கவில்லை. மகாராஷ்டிரா 2020 செப்டம்பரில் தடைவிதித்தபோது புதுச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. எச்சரிக்கை இல்லாமல் புகையிலைப் பொருளை விற்கக்கூடாது என்று கோட்பாவின் 7-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது, ஒற்றை சிகரெட்டில் எச்சரிக்கை இல்லை, ஆகவே விற்கக்கூடாது என்று வாதம் வைத்தது. எளிமையான வாதம், எனக்குப் பிடித்த வாதம். கர்நாடகா தன் திருத்தச் சட்டத்தில் 21 வயது, லூஸ் தடை, 1,000 ரூபாய் அபராதம் மூன்றையும் சேர்த்தது. 2025-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது.

மறுப்புகள் இருக்கின்றன. பெட்டிக்கடைக்காரரின் பிழைப்பு ஒன்று. லூஸ் கிடைக்காவிட்டால் பாக்கெட்டாக வாங்கி அதிகம் பிடிப்பார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது, பெரியவர்களில் சிலருக்கு உண்மையாக இருக்கலாம். குறைத்துக்கொள்வதற்காகவே ஒன்றொன்றாக வாங்குபவர்கள் உண்டு. பள்ளி மாணவனுக்கு அது பொருந்தாது. அவனிடம் பாக்கெட்டுக்குப் பணமும் இல்லை, அதை ஒளித்துவைக்க இடமும் இல்லை. தடை போட்டால் மட்டும் ஆயிற்றா என்ற மூன்றாவது கேள்விதான் கனமானது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லிருந்து தடை. கடை முகப்பில் சரம் சரமாகத் தொங்கியது மேஜை இழுப்பறைக்குள் போனது, அவ்வளவுதான். உதட்டுக்கடியில் வைத்துக்கொண்டே பாடம் கேட்கக்கூடிய ‘கூல் லிப்’ பொட்டலங்கள் பள்ளிகளுக்குள் புழங்குவதைப் பற்றி 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேள்வி எழுப்ப வேண்டியிருந்தது. 2019-ல் இ-சிகரெட்டைச் சட்டம் போட்டு நாடு முழுக்கத் தடுத்தோம். அது பரவுமுன் தடுத்ததால் அங்கே பலன் அதிகம் என்று நினைக்கிறேன். லூஸ் சிகரெட் வேரூன்றியது. புகையிலை விற்கத் தனி உரிமம், மீறினால் அந்த உரிமம் போகும் என்ற ஏற்பாடு இல்லாமல் தடை மட்டும் நிற்காது. கடைக்காரருக்கு 200 ரூபாயும் வலிக்காது, ஏழு வருடமும் வராது. புகையிலை விற்கும் உரிமை போவது நிச்சயம் வலிக்கும்.

கனடா இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு சிகரெட்டின் மேலும் எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. 2023 ஆகஸ்டில் விதி வந்தது. உலகில் அதுவே முதல். பாக்கெட்டில் இருந்ததைச் சிகரெட்டுக்கே இறக்கிவிட்டார்கள். இந்தியா அதைச் செய்தால் லூஸ் வாங்குபவனும் படித்தே ஆக வேண்டும்.

பீடியில் அதுவும் நடக்காது. மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் காய்ந்த இலையில் அச்சு ஏறாது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் சுளகை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி நூல் கட்டுகிற பொருள் அது. எச்சரிக்கை கட்டின் மேல் ஒட்டும் தாளில் மட்டும்தான். அந்தப் பெண்களின் பிழைப்பைச் சொல்லித்தான் பீடிக்கு எப்போதும் வரி குறைவு. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட்டை 40 சதவீத அடுக்குக்கு ஏற்ற முடிவெடுத்த அதே கூட்டத்தில், பீடியை 28-லிருந்து 18-க்கும், பீடி இலையை 18-லிருந்து 5-க்கும் இறக்கியது. ஆயிரம் பீடிக்கான கூலி குறைந்தபட்சக் கூலியாகத் தனியே நிர்ணயமாவது. வரி இறங்கினால் கூலி ஏற வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. விலை இறங்க வழி உண்டு. சிகரெட்டைவிட ஒரு வயது முன்னதாகவே, பத்தரை வயதில், பிள்ளைகள் தொடங்கும் சரக்குக்குத்தான் இந்தச் சலுகை.